திருகோணமலையில் பிரசவமா? தொலைபேசி எண்ணைச் சரியாகக் கொடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலைக்குக் குடிவருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகை வீட்டையும் பள்ளிக்கூடத்தையும்தான். வயிற்றில் பிள்ளையோடு வந்திருந்தால், அதற்கும் முன்னால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைத் தேடுங்கள். நம் ஊரில் கிராம சுகாதார செவிலியர் என்போமே, ஏறக்குறைய அவர்தான். 'மிட்வைஃப்' என்றாலும் புரியும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முகவரியைச் சொன்னால் யாரென்று சொல்வார்கள்.

அரச வைத்தியசாலையில் இலங்கைக் குடிமக்களுக்குப் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை; வெளிநாட்டவருக்கு எப்படி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அனுப்புமுன் தாதி குழந்தையின் குதிக்காலைத் துடைத்து, ஓரத்தில் சுருக்கென்று குத்தி, வடிதாள் அட்டையின் வட்டங்களில் இரத்தத்தை ஒற்றியெடுப்பார். பிள்ளை வீறிடும். "பச்சை மண்ணை இப்படிக் குத்தலாமா?" என்று பாட்டிமார் சண்டைக்குக் கிளம்புவார்கள்; பிடித்து உட்கார வையுங்கள். பிறவியிலேயே தைராய்டு சரியாகச் சுரக்காத குழந்தையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. உலக அளவில் 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது. பிறந்தவுடன் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தாயிடமிருந்து வந்த ஹார்மோன் சில நாள் தாங்கும். நீளும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், தடித்த நாக்கு, கரகரத்த அழுகை எல்லாம் தெரியட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் மூளை வளர்ச்சி அடிபட்டுவிடும். "சமர்த்து, அழவே அழாது" என்று நாம் மெச்சும் தூக்கமே சிலவேளை அறிகுறி. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள்.

நாம் சறுக்குவது வேறிடத்தில். அந்த இரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு கூடியிருந்தால் உங்களைத் தேடி அழைப்பார்கள். என் மகள் பிறந்தபோது நான் எழுதிக்கொடுத்தது மதுரை எண். அந்த சிம் பெட்டிக்குள் கிடந்தது. முடிவு சரியாக இருந்ததால் தப்பினோம். இலங்கை எண்ணைக் கொடுங்கள், பக்கத்து வீட்டார் எண்ணையும் சேர்த்து. உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ வீடு மாறினால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். தனியாரிடம் பிரசவம் என்றால், "குதிக்கால் இரத்தம் எடுத்தாயிற்றா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

அழைப்பு வந்தாலே நோய் என்று ஆகிவிடாது. முதல் நாளே எடுத்த இரத்தத்தில் அந்த அளவு இயல்பாகவே ஏறியிருக்கும். நரம்பில் எடுத்து மறுபடி பார்ப்பார்கள். ஆனாலும் அன்றே போங்கள்.

மாத்திரை தந்தால் பொடித்து, ஒரு கரண்டி தாய்ப்பாலில் கரைத்துக் கொடுங்கள். புட்டிப் பாலில் கலந்தால், பிள்ளை மீதிவைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச்சத்துச் சொட்டுமருந்தைச் சில மணிநேரம் தள்ளிக் கொடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரையையும் கிளினிக் கொப்பியையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.