கடற்கரை ஊர்களிடம் ஒன்றிய அரசு கருத்துக் கேட்பது எப்படி?

தில்லியில் எழுதப்படும் ஒரு விதி இராமநாதபுரம் கரையில் யாருடைய பிழைப்பைத் தொடுமோ அவர், அது முடிவாகும் முன்பே அதைப் படித்து, தம் கருத்தைச் சொல்லி, அதற்குப் பதிலும் பெற முடிந்தால்தான் அரசு வெளிப்படையாக நடக்கிறது என்று பொருள். அதற்கான ஏற்பாடுகளில் பாதி ஏற்கெனவே எழுத்தில் இருக்கின்றன. அவற்றைக் கரைக்கு ஏற்றபடி நடத்தும் முறையை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் மொழி. ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டி ஆராய்வதற்கான விதிகளை மாற்றும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020 மார்ச் 23 தேதியிட்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது; அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் அதைப் பெயர்க்கவும், கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டிக்கவும் தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது. ஆகவே, கால அவகாசத்தைத் தமிழ்ப் பிரதி வெளியான நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை 2014 முதல் குறைந்தது 30 நாள் தரச் சொல்கிறது. ஆனால் அது கொள்கையாகவே இருக்கும் வரை அமைச்சகங்கள் அதைத் தாண்டிப் போகலாம் என்பதால், அதைச் சட்டமாக்குவதே நேரான வழி.

தமிழில் இருந்தால் மட்டும் புரிந்துவிடாது. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் கட்டுமானத் தடையை உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறும் உச்ச எல்லை) 50 மீட்டராகக் குறைக்கிறது. ஆனால் உள்ளூர் மக்களைக் கலந்து உருவாக்கிய மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெறாவிட்டால் 200 மீட்டர்தான் நீடிக்கும் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. கருத்துக் கேட்பது சடங்கு அல்ல, சட்ட நிபந்தனை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்தத் திட்டத்தின் வரைபடமோ 1:25,000 அளவுடையது: 50 மீட்டர் அகலமுள்ள கரை அதில் இரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். கரைவலை இழுக்கும் பாடு, வலை உலர்த்தும் மணல், கருவாடு காயப்போடும் திடல், படகை ஏற்றி வைக்கும் இடம் ஆகியவை அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கின்றன. எனவே வரைபடத்தை அச்சிடும் முன், அலுவலர்கள் ஊர்ப் பெரியவர்களுடனும் பெண்களுடனும் கரையில் நடந்து, ஒவ்வொரு பொது இடத்தையும் சர்வே எண்ணோடு குறித்து, ஊருக்கு ஒரு பெரிய அளவுப் படம் தயாரித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

அடுத்து, நாள் குறிப்பது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் நான்கு நாளும் தொழிலுக்குப் போவது நெடுநாள் ஏற்பாடு. எந்த நாளில் கூட்டம் வைத்தாலும் ஒரு தரப்பு கடலில் இருக்கும் என்பதால், இரண்டு கூட்டங்கள் தேவை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள்; நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்கள்தான் வருமானம். அவற்றை விட்டு, பெண்களுக்கென்று தனிக் கூட்டம் வைப்பது நல்லது. பொதுக்கூட்டத்தில் அவர்களுக்கு ஒலிவாங்கி கிடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

கூட்டம் நடத்தும் முறைக்கு திட்டங்கள் குறித்த பொது விசாரணைக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வகுத்த விதிகள் நல்ல முன்மாதிரி: 30 நாள் முன்னறிவிப்பு, மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை, முழு வீடியோ பதிவு, முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வட்டார மொழியில் அங்கேயே வாசித்தல். அதிலும் ஓட்டை உண்டு. குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை தேவையில்லை என்கிறது அது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை 2020 ஜனவரித் திருத்தம் இந்தப் பொது விசாரணையிலிருந்தே விலக்கிவிட்டது. விலக்கு தேவை என்றால், அது ஏன் தேவை என்பதையே முதலில் மக்கள் முன் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பலவீனமானது பதில் சொல்லும் கட்டம். வந்த கருத்து, ஏற்கப்பட்டதா, இல்லையென்றால் காரணம் என்ன என்ற மூன்று பத்திகளுடைய அட்டவணையை இறுதி விதியோடு சேர்த்தே தமிழில் வெளியிட வேண்டும். பதில் கிடைக்காத ஊரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால், வேலையைக் கெடுத்துக்கொண்டு யார் வருவார்கள்?

அரசு தானாக வெளியிடாவிட்டால், தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இன்படி கேட்கலாம். ஒன்றிய அரசு அலுவலகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். "ஏன் எங்கள் கருத்தை ஏற்கவில்லை?" என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று திருப்பி விடுவார்கள். அதற்குப் பதிலாக, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, வந்த மனுக்களின் நகல், அவற்றின் மேல் எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகள், கோப்பை நேரில் பார்வையிட ஒரு நாள் என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.