கணக்கில் பணம் குறைகிறது என்று மெஷின் சொன்னால்: ஹொரைசன் வழக்குகளை வைத்து ஒரு கையேடு

பிரிட்டனில் ஹொரைசன் என்ற, பிழைகள் கொண்ட தபால் கவுண்டர் மென்பொருளின் கணக்கை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட தபால் கவுண்டர்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. அவற்றில் 700 வழக்குகள் வரை போஸ்ட் ஆபீஸ் நிறுவனமே தொடுத்தவை. திரை காட்டிய தொகைக்கும் இழுப்பறையில் இருந்த பணத்துக்கும் வித்தியாசம் என்பதுதான் பெரும்பாலும் குற்றச்சாட்டு. அந்த மென்பொருளைச் செய்து பராமரித்தது புஜிட்சு.

வேறொருவரின் மென்பொருளில், வேறொருவரின் பணத்துக்குக் கணக்குக் காட்டும் எவருக்கும் இந்த நிலை வரலாம். கடைக்குள் தபால் கவுண்டர், பில் கட்டும் மெஷின், லாட்டரி என எது வைத்திருந்தாலும் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே வரும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு.

முதல் நாள்

கணக்கு இடிக்கிறது என்று தெரிந்ததும் எதையும் திருத்தாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து கையிருப்பை நோட்டு வகை வாரியாக எண்ணுங்கள். ஸ்டாம்ப், ஸ்கிராட்ச் கார்டு, வெளியே அனுப்பக் கட்டி வைத்த பணப் பை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி, நேரம் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். திரையைப் படம் எடுங்கள். கணக்கு கடைசியாகச் சரியாக நின்ற நேரத்திலிருந்து இந்த நிமிடம் வரையிலான பரிவர்த்தனைப் பட்டியலை முழுவதும் அச்சிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். கிளையிலிருந்து பார்க்கக் கிடைக்கும் பதிவு பல சிஸ்டங்களில் சில வாரங்களோடு மறைந்துவிடும், பிறகு அதை நிறுவனத்திடம் கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

அன்றைக்குக் கரண்ட் போனது, லைன் அறுந்தது, திரை உறைந்தது, பட்டனை இரண்டு தரம் அழுத்தியது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். ஹெல்ப்லைனை அழைத்தால் புகார் எண்ணையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொண்டு, அவர் சொன்னதை அன்றே ஈமெயிலில் திருப்பி எழுதி அனுப்புங்கள். ஹாம்ப்ஷையரின் சவுத் வார்ன்பரோவில் தபால் கவுண்டர் நடத்திய ஜோ ஹாமில்டன் ஹெல்ப்லைன் சொன்னபடியே பட்டன்களை அழுத்தினார். சுமார் 2,000 பவுண்டு குறை அவர் கண்ணெதிரே இரட்டிப்பானது. ஃபோனில் வரும் யோசனையை எழுத்தில் கேட்காமல் செயல்படுத்தக் கூடாது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

செய்யவே கூடாதவை இரண்டு. முதலாவது, குறையைச் சத்தமில்லாமல் கைக்காசு போட்டு அடைப்பது. அடைத்ததும் அது ஒப்புக்கொண்ட கடனாகவே பார்க்கப்படும், அடுத்த மாதக் குறைக்கு அதுவே சாட்சியாகவும் நிற்கும். இரண்டாவது இன்னும் மோசம்: இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிக் கணக்கை மூடுவது. பலரும் சிக்கியது இதில்தான். 2005-க்குப் பிறகு ஹொரைசனில் கணக்கு முடிக்கும்போது பணத்தைக் கட்டு, அல்லது மையக் கணக்குக்கு மாற்று என்ற வழிகள்தான் இருந்தன. இந்தத் தொகையை ஏற்கவில்லை என்று சொல்ல பட்டனே கிடையாது. கணக்கை முடிக்காமல் அடுத்த காலகட்டத்துக்குப் போக முடியாது. மறுநாள் கடை திறந்தாக வேண்டுமே என்று பொய்த் தொகையை அடித்தவர்கள்மீது 1968 திருட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அதாவது பொய்க்கணக்கு, பாய்ந்தது. அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. திருட்டை நிரூபிக்க முடியாத இடங்களில் இந்தப் பிரிவு நிறுவனத்துக்கு எளிதாகக் கைகொடுத்தது.

மறுக்கும் பட்டன் இல்லையென்றால் நீங்களே ஒன்றை உண்டாக்குங்கள். கணக்கை முடிக்கும் முன் ஒரு ஈமெயில்: "இன்று இத்தனை மணிக்குத் திரை இத்தனை பவுண்டு குறை காட்டுகிறது. இதை நான் ஏற்கவில்லை. கையில் உள்ள பணத்தை உள்ளபடியே பதிகிறேன். வியாபாரம் தொடர வேண்டும் என்பதற்காக மட்டுமே கணக்கை முடிக்கிறேன். காரணத்தை விசாரித்து எழுத்தில் தாருங்கள்." அனுப்பிவிட்டு அழுத்துங்கள். பிரிட்லிங்டனின் லீ காஸில்டன் ஹெல்ப்லைனைத் திரும்பத் திரும்ப அழைத்தவர்தான். ஆனால் கையெழுத்திட்ட கணக்கு அவருடையதுதான் என்று 2007-இல் தீர்ப்பு வந்தது. வழக்கறிஞர் வைக்க வசதியின்றித் தானே வாதாடிய அவர்மீது 3,21,000 பவுண்டு செலவுத்தொகை ஏற்றப்பட்டு, திவாலானார்.

தொகையே துப்புக் கொடுக்கும்

உங்கள் பக்கத்துத் தவறை முதலில் கழித்துவிடுங்கள். குறை 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 540-க்குப் பதில் 450 என்பதுபோல. குறையில் சரிபாதித் தொகைக்கு ஒரு பரிவர்த்தனை இருந்தால், வரவைச் செலவாகப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதே தொகைக்கே ஒரு பரிவர்த்தனை இருந்தால் விட்டுப்போயிருக்கலாம், அல்லது இரண்டு தரம் ஏறியிருக்கலாம்.

இவை எதிலும் அடங்காமல், ஒரே தொகையின் மடங்காகக் குறை வந்தால் மென்பொருள் பக்கம் திரும்புங்கள். டால்மெல்லிங்டன் கோளாறு என்று பெயர் பெற்றதை எடுத்துக்கொள்வோம். 2015-இல் ஒரு கிளையில் 8,000 பவுண்டு பணப் பையை உள்வாங்கியபோது திரை நகரவில்லை. ஊழியர் மறுபடி மறுபடி என்டர் தட்டினார். ஒவ்வொரு தட்டலும் தனி வரவாக ஏறி, 8,000 நான்கு தரம் பதிந்தது. வந்தது 8,000, கணக்கில் 32,000, குறை 24,000. பிறகு தேடியபோது, ஐந்து ஆண்டுகளில் 88 கிளைகளில் 112 தடவை இதே கோளாறு நடந்திருந்தது தெரியவந்தது. உங்கள் குறையை அண்மையில் வந்த ஒவ்வொரு பணப் பையின் தொகையாலும் வகுத்துப் பாருங்கள். முழு எண் வந்தால் அந்தப் பரிவர்த்தனையின் வினாடி நேரம்வரை கேட்டு வாங்குங்கள். ஒரு மனிதர் நான்கு பணப் பைகளைச் சில வினாடிகளில் எண்ணி வாங்க முடியாது.

என்ன கேட்க வேண்டும்

"உங்கள் சிஸ்டம் சரியாக வேலை செய்ததா?" என்று கேட்டால் "ஆம், வலுவான சிஸ்டம்" என்றுதான் பதில் வரும். பதில் ஆவணமாக மட்டுமே இருக்க முடியும் என்கிற மாதிரி கேளுங்கள்.

முதலில் மூலத் தணிக்கைப் பதிவு. நிர்வாகத்துக்காகச் சுருக்கி எடுத்த அறிக்கை போதாது. லெப்டன் கிளையில் 2012 அக்டோபரில் 76.09 பவுண்டு தொலைபேசி பில் ஒன்று கட்டும் நேரத்தில் லைன் அறுந்தது. வழக்கமாக எடுக்கும் அறிக்கையில், அந்தப் பரிவர்த்தனையைக் கவுண்டர்காரரே ரத்து செய்ததுபோலத் தெரிந்தது. ஆழமான பதிவை எடுத்த பிறகுதான், ரத்து செய்தது சிஸ்டத்தின் மீட்பு நடைமுறை என்பது வெளிப்பட்டது. அறிக்கையில் உங்கள் பயனர் எண் இருப்பதாலேயே உங்கள் விரல் பட்டது என்று ஆகாது.

அடுத்தது, தெரிந்த கோளாறுகளின் பட்டியலும் பராமரிப்பாளரின் பழுது டிக்கெட்டுகளும். ஹொரைசனில் இவற்றைக் கெல், பீக் என்று அழைத்தார்கள். பல ஆண்டு இழுத்தடிப்புக்குப் பின், 555 பேர் போஸ்ட் ஆபீஸ்மீது போட்ட கூட்டு வழக்கில் இவை வெளிவந்தபோது நிலைமை தலைகீழானது. 2019 டிசம்பர் தீர்ப்பில் நீதிபதி ஃபிரேசர் 29 கோளாறுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்திருக்கிறார். மூன்றாவது, தொலைவிலிருந்து கணக்கில் கை வைக்கக்கூடியவர் யார், எப்போது வைத்தார் என்ற பதிவு. கிளைக்குத் தெரியாமல் யாரும் கணக்கை மாற்ற முடியாது என்று போஸ்ட் ஆபீஸ் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது. புஜிட்சுவால் முடியும் என்பது அதே வழக்கில் நிரூபணமானது. இவற்றோடு, குறை தோன்றிய வாரத்தில் ஏதாவது மென்பொருள் அப்டேட் இறங்கியதா, அதே வாரத்தில் வேறெந்தக் கிளைகள் புகார் செய்தன என்றும் கேளுங்கள். "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்பது ஹெல்ப்லைனில் பலரும் கேட்ட பதில்.

உங்கள் தனிப்பட்ட தரவைப் பார்க்கும் உரிமைக் கோரிக்கை இலவசம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலானதென்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெயர் வரும் உள் ஈமெயில்கள், ஹெல்ப்லைன் குறிப்புகள் இதில் கிடைக்கும். நிறுவனம் அரசுடையது என்றால் தகவல் சுதந்திரச் சட்டப்படி 20 வேலை நாளில் பதில் கேட்கலாம். ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். பழைய போஸ்ட் ஆபீஸ் ஒப்பந்தத்தில், கவனக்குறைவாலோ தவறாலோ வந்த இழப்புக்கே கவுண்டர்காரர் பொறுப்பு என்றுதான் இருந்தது. நிறுவனம் எல்லாக் குறைக்கும் நீதான் பொறுப்பு என்று அதை நடைமுறையில் நீட்டியது.

சங்கத்திடம் போகுமுன் அதற்கு யார் பணம் தருகிறார்கள் என்று பாருங்கள். துணைத் தபால் அதிபர்களின் தேசியச் சங்கம் போஸ்ட் ஆபீஸின் நிதியில் ஓடியது. அது சுதந்திரமான அமைப்பல்ல என்று நீதிமன்றமே சொன்னது.

விசாரணையும் வழக்கும்

நீங்கள் சொல்வது சாட்சியாகலாம் என்ற எச்சரிக்கை வாசகம் சொல்லித் தொடங்கும் விசாரணைக்கு, கூப்பிடுவது கம்பெனி ஆட்களாக இருந்தாலும், சொலிசிட்டர் (வழக்கறிஞர்) இல்லாமல் போகாதீர்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "பணம் எங்கே?" என்பதாக இருக்கும். பணம் உண்மையிலேயே குறைந்ததா என்பதை அது ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக நிற்பது ஒரு சட்ட அனுமானம். 1984 காவல்துறை, குற்றச் சாட்சியச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டினால்தான் அதன் பதிவைச் சாட்சியாக ஏற்கும். அந்தப் பிரிவு 2000 ஏப்ரலில் ஒழிந்தது. அதன்பின், மாறாகச் சான்று வரும்வரை கணினி சரியாக ஓடியதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆக, சந்தேகத்தின் முதல் துளியை நீங்கள் வைக்க வேண்டும். முதல் நாள் அச்சிட்ட தாள்கள் அதற்குத்தான்.

கிரவுன் கோர்ட் (பெரிய குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றம்) வழக்கில், அரசுத் தரப்பின் ஆவண வெளிப்படுத்தல் வந்த 28 நாளில் எதிர்வாத அறிக்கை தர வேண்டும். "கணினி தவறு" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்தத் தேதி, எந்தப் பரிவர்த்தனை, எந்தவகைக் கோளாறு என்று எழுதினால், அது தொடர்பான ஆவணங்களைத் தர வேண்டிய கடமை எதிர்த்தரப்புமீது இறுகும். தராவிட்டால் 1996 குற்ற நடைமுறை, புலனாய்வுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் நீதிபதியிடம் மனு. போஸ்ட் ஆபீஸ் செய்ததுபோல நிறுவனமே தொடுத்த தனியார் வழக்கு என்றாலும் இந்தக் கடமை அதேதான். அரசு வழக்குத்துறை அந்த வழக்கைத் தன் கையில் எடுத்து நிறுத்தவும் முடியும், அதற்கும் எழுதிக் கேட்கலாம்.

வெளிப்படுத்தலை எவ்வளவு விடாமல் துரத்த வேண்டும் என்பதற்கு வெஸ்ட் பைஃப்ளீட்டின் கவுண்டர்காரர் சீமா மிஸ்ராவின் வழக்கே உதாரணம். வரவு செலவு பொருந்தாத ஒரு கோளாறு சுமார் 60 கிளைகளைத் தாக்கியதைப் பற்றி 2010 இலையுதிர்காலத்தில் போஸ்ட் ஆபீஸ், புஜிட்சு ஆட்கள் கூடிப் பேசியிருந்தார்கள். அதே காலத்தில் நடந்த அவர் வழக்கில் அது வெளியிடப்படவில்லை. நவம்பரில், கர்ப்பிணியாக இருந்தபோது, அவருக்கு 15 மாதச் சிறை. எதிர்த்தரப்பு நிபுணர் மென்பொருளைச் செய்த கம்பெனியின் ஊழியராகவே இருந்தால், நிபுணருக்கான கடமை அறிவிப்பில் அவர் கையெழுத்திட்டாரா, தனக்குத் தெரிந்த கோளாறுகள் அத்தனையையும் சொன்னாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

"திருட்டைக் கைவிடுகிறோம், பொய்க்கணக்கை ஒப்புக்கொள், பணத்தைக் கட்டு, மென்பொருளைக் குறை சொல்லாதே" என்ற பேரம் வரலாம். சிறைக்குப் பயந்து பலர் ஒப்புக்கொண்டார்கள். அந்த நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். பிற்பாடு மேல்முறையீட்டில் அந்தத் தாளே பேசும்.

நிறுவனத்தைப் பிடிப்பது

மென்பொருளில் பிழை இருந்தது என்பது பாதிதான். எந்தத் தேதியில், யாருக்கு, அது தெரியும் என்பதுதான் நிறுவனத்தைப் பொறுப்பாக்கும். எனவே இரண்டு நெடுவரிசை கொண்ட ஒரு காலவரிசை தயாரியுங்கள்: ஒரு பக்கம் அவர்களுக்குத் தெரிந்த நாள், மறுபக்கம் அதற்குப் பின்னும் அவர்கள் செய்தது. போஸ்ட் ஆபீஸ் விஷயத்தில் 2013 ஜூலை ஒரு திருப்புமுனை. புஜிட்சுவின் நிபுணச் சாட்சி தனக்குத் தெரிந்த கோளாறுகளை நீதிமன்றத்திடம் சொல்லவில்லை என்று வழக்கறிஞர் சைமன் கிளார்க் நிறுவனத்துக்கு எழுத்தில் ஆலோசனை தந்தார். அந்தத் தாள் தண்டிக்கப்பட்டவர்கள் கைக்கு வர ஏழு ஆண்டுக்கு மேல் ஆனது.

வரிசை முக்கியம். தீய நோக்க வழக்குத் தொடுப்புக்காக நிறுவனத்தின்மேல் நட்டஈடு கேட்க, அசல் வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்திருக்க வேண்டும். தண்டனை இருந்தால் முதலில் அது ரத்தாக வேண்டும். கிரவுன் கோர்ட் தண்டனைமீது மேல்முறையீட்டுக்கு 28 நாள். தவறினால் காலதாமத அனுமதி கேட்கலாம், வழி அடைபட்டால் பர்மிங்ஹாமில் உள்ள குற்ற வழக்கு மறுஆய்வு ஆணையத்துக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். 2021 ஏப்ரல் 23 அன்று ஒரே தீர்ப்பில் 39 பேரின் தண்டனை ரத்தானது. மிச்சமிருந்த பெரும்பாலானவர்களை 2024 மே மாதச் சட்டம் மொத்தமாக விடுவித்தது. சிவில் வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டுக் கெடு. நிறுவனம் வேண்டுமென்றே மறைத்ததைக் காட்ட முடிந்தால், மறைப்பு தெரியவந்த, அல்லது நியாயமான முயற்சியில் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து கெடு ஓடும்.

தனியாகப் போவதைவிடக் கூட்டாகப் போவது நல்லது, ஆனால் செலவுக் கணக்கை முதலிலேயே பாருங்கள். முன்னாள் கவுண்டர்காரர் ஆலன் பேட்ஸ் தலைமையில் அந்த 555 பேர் போட்ட வழக்கு 5 கோடியே 77.5 லட்சம் பவுண்டுக்குச் சமரசமானது. வழக்குச் செலவும் நிதி தந்தவர்களின் பங்கும் போக அவர்களுக்கு மிஞ்சியது சுமார் 1 கோடியே 20 லட்சம்தான்.

நட்டஈட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தால் பெரும்பாலும் இரண்டு கதவு இருக்கும்: நிலையான தொகை, அல்லது முழு மதிப்பீடு. ஹொரைசனில் தண்டனை ரத்தானவர்களுக்கு நிலையான தொகை 6,00,000 பவுண்டு, கூட்டு வழக்கில் இருந்து தண்டனை பெறாதவர்களுக்கு 75,000. கட்டிய குறைப்பணம் சில ஆயிரம், தொழில் தொடர்ந்தது என்றால் நிலையான தொகை விரைவில் முடியும். வீடு, கடை, திவால், இழந்த ஆண்டுகளின் வருமானம் என்று நீண்டால் கணக்காய்வாளரை வைத்து முழு மதிப்பீட்டுக்குப் போங்கள். இலவச சட்ட உதவி உண்டா என்று கேட்டுவிட்டு, "முழுமையான, இறுதியான" தீர்வு என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுமுன் சொலிசிட்டரிடம் காட்டுங்கள்.