ஆறடி இடைவெளியும் அடைத்த ஜன்னலும்

2022 ஜனவரி, கொரோனா காலம். ஒரு நாள் காலை குன்றக்குடி தாண்டி, திருப்பத்தூர் சாலையில் ஒரு பழனி பாதயாத்திரைக் குழுவைப் பார்த்தேன். முதல் முறை மாலை போட்டவர்கள். ஆளுக்கு ஆறடி விட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை பிசகாமல் நடந்தார்கள். அடுத்த மோர்ப்பந்தலில் அத்தனை பேரும் ஒரே அண்டாவைச் சுற்றி நின்றார்கள். அதற்கு முந்தின வருஷம் நாங்களும் இப்படித்தான்.

அந்த வருஷம் தைப்பூசம் ஜனவரி 18-ஆம் தேதி. 14 முதல் 18 வரை கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு அறிவித்துவிட்டதால், நிறையப் பேர் முன்கூட்டியே பழனிக்குக் கிளம்பிவிட்டார்கள். முகக்கவசம், கை கழுவுவது எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. பாதயாத்திரையில் நாம் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

இடைவெளிக்காக நடுரோட்டுக்கு வருவது

லாரிக்காரருக்கு உங்கள் ஆறடி தெரியாது. வலது ஓரம், ஒற்றை வரிசை.

பாடுகிறவர் திரும்பிப் பார்த்துப் பாடுவது

சத்தம் கூடக் கூட வாயிலிருந்து வரும் துளிகளும் கூடும். ஒருவர் பாட, மற்றவர்கள் 'அரோகரா' சொல்வது நம் வழக்கம். பாடுகிறவர் கடைசியில் நடக்கட்டும். முன்னால் போய், குழுவைப் பார்த்துத் திரும்பி, முகக்கவசத்தையும் இறக்கிவிட்டு உச்சஸ்தாயியில் எடுப்பதுதான் தப்பு. (அந்த வேலையைப் பல வருஷம் செய்தவன் நான்தான்.)

ராத்திரி ஜன்னலை அடைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, முக்கியமாக என்மேல்.

2021 தைப்பூசம் ஜனவரி 28. சிங்கம்புணரி வரை எங்கள் இருபது பேரில் ஒருவர்கூட இடைவெளி தவறவில்லை. நத்தத்தில் ராத்தங்கல், ஒரு சின்னக் கூடம். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், அன்றைக்குத் துளைத்தது. பெரியவர்களுக்குக் குளிருமே என்று நானே எழுந்து நாலு ஜன்னலையும் அடைத்தேன், கதவையும் சாத்தினேன். பாய் பாயாக ஒட்டிப் படுத்தோம். யாரோ இருமினார்கள். "ரோட்டுத் தூசிப்பா" என்றேன்.

ஊர் திரும்பி நாலு நாளில் ஆறு பேருக்குக் காய்ச்சல். அதில் ஒரு அண்ணனுக்கு மதுரையில் ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது. பிழைத்து வந்தார். அடுத்த வருஷம் அவர் நடக்கவில்லை.

வெட்டவெளியில் மூச்சுக் காற்று சீக்கிரம் கலைந்துவிடும். அடைத்த கூடத்தில் நுண்துளிகள் மணிக்கணக்கில் மிதக்கும்; அங்கே ஆறடி விட்டுப் படுத்தாலும் விடிவதற்குள் எல்லாரும் ஒரே காற்றைத்தான் சுவாசித்திருப்போம். பகலெல்லாம் கயிறு பிடித்த மாதிரி நடந்ததை அந்த எட்டு மணி நேரத்தில் தொலைத்தோம். 2022 ஜனவரியில் இரவு 10 முதல் காலை 5 வரை ஊரடங்கு வேறு. ராத்திரி நடந்துவிடலாம் என்று நம்பியிருக்க முடியவில்லை, தங்குமிடங்கள் நெரிந்தன.

திண்ணை, வளவு (வீட்டு உள்முற்றம்), தோப்பு, கீற்றுக் கொட்டகை எது கிடைத்தாலும் கூடத்தைவிட மேல். கூடம்தான் என்றால் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டாவது திறந்திருக்கட்டும். ஆளுக்கு ஒரு கம்பளி, ஒரு குல்லா கூடுதலாக எடுங்கள். அது பெரிய சுமை இல்லை.

"நம்ம ஆளுகதானே"

காய்ச்சல் வந்த ஆறு பேரும் நம்ம ஆளுகதான்.

டீக்கடை

பார்சல் வாங்கி, புளியமரத்தடிக்குப் போய்விடுங்கள்.