கொடைக்கானல் ஏரிக்கரையில் வாட்டர்கலர்: வெளிப்புற ஓவிய நிகழ்வுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஆண்டுதோறும் நடக்கும் வெளிப்புற ஓவிய நிகழ்வுகளில் பெரும்பாலும் வெற்றுத் தாளின் பின்புறம் முத்திரை போட்டுத் தருவார்கள். அன்றே அங்கேயே வரைந்து, சொன்ன நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். சமவெளியில் பழகியவர்கள் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் திணறுவது திறமைக் குறைவால் அல்ல, தாள் காயாததால். மதுரை மொட்டைமாடியில் ஐந்து நிமிடத்தில் காய்கிற வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு), ஏரிக்கரை மூட்டத்தில் அரைமணி நேரம் ஆனாலும் ஈரமாகவே கிடக்கும்.

1. பையில் என்னென்ன

300 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) காட்டன் தாள், கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்பு), 11×15 அங்குலம், இரண்டு. இரண்டிலும் முத்திரை வாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் ஈரத்தில் அலையாக நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கும். பலகைக்கு, பேனர் கடையில் கிடைக்கும் சன்பேக் ஷீட் போதும். எடையில்லை, நனைந்தாலும் ஊறாது. பனி ஈரத்தில் மாஸ்கிங் டேப் விட்டுவிடும், ஆகவே நான்கு கிளிப்.

அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், லெமன் யெல்லோ, அலிசரின் கிரிம்சன், சாப் கிரீன்: ஆறு வண்ணம் தாராளம். 12, 6 எண் ரவுண்ட் பிரஷ், ஓர் அங்குல ஃபிளாட். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கெடுபிடி உண்டு. வெளியூர் வண்டியென்றால் இ-பாஸையும் முன்பே பார்த்துவிடுங்கள். குடை கறுப்பாக இருக்கட்டும்: சிவப்புக் குடைக்குக் கீழே தாளும் சிவக்கும், கலவை தப்பும்.

2. இடம்

மே மாதத்தில் மதியத்துக்கு மேல் மழை பிடிக்க வாய்ப்பு அதிகம், காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். படகுத்துறைப் பக்கம் கூட்டம் நெரியும். தின்பண்டத்தைத் திறந்து வைத்தால் குரங்கு வரும், பிரஷையும் சேர்த்தே தூக்கும்.

3. பென்சில்

உள்ளங்கை அளவில் ஒரு சின்ன ஸ்கெட்ச் போட்டு, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே தொனியாகப் பிரியுங்கள். மூட்டம் பத்து நிமிடத்தில் எதிர்க்கரையை விழுங்கிவிடும். அப்புறம் கைகொடுப்பது இந்த ஸ்கெட்ச்தான். மூட்டம் மாறும்போதெல்லாம் படத்தையும் மாற்றப் போனால் எதுவும் முடியாது.

4. முதல் வாஷ்

வானம், தூரத்து மலை, ஏரி நீர் மூன்றையும் ஒரே ஈரத்தில் முடியுங்கள். அல்ட்ராமரினில் துளி சியன்னா சேர்த்தால் மூட்டத்தின் சாம்பல் வரும். காய்ந்தபின் வெளிறும் என்பதால் கொஞ்சம் அழுத்தமாகவே போடுங்கள். படகுகளின் வெள்ளையைத் தாளிலேயே விட்டுவிடுங்கள். வெள்ளையைக் காக்கப் பூசி, பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் ஃபுளூயிட் ஈரத் தாளில் ஊறி, உரிக்கும்போது நாரையும் பிய்த்துக்கொண்டு வரும்.

5. காத்திருப்பு

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பளபளப்பு போனதும் காய்ந்துவிட்டதாக நினைத்து, தண்ணீர் நிறைந்த பிரஷை வைப்பார்கள். அந்த நீர் பாதி காய்ந்த வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் மாதிரி கறை பூக்கும். தேய்த்தால் இன்னும் மோசம். புறங்கையைத் தாளில் லேசாக வையுங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அது காயும்வரை இரண்டாவது தாளில் வேலை செய்யலாம்.

பொறுமை இல்லையென்றால் ஈரத்தையே பயன்படுத்துங்கள்: பிரஷைத் துணியில் ஒற்றி, தாளில் இருப்பதைவிடக் கெட்டியான வண்ணத்தால் தூரத்து மரங்களைத் தொட்டால் விளிம்பு மங்கி, மூட்டத்துக்குள் நிற்கிற மாதிரியே விழும்.

6. மரங்கள்

டியூப் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் செடி போலிருக்கும். யூகலிப்டஸுக்கு சாப் கிரீனோடு அல்ட்ராமரின், துளி சியன்னா. சோலைக்காட்டின் இருட்டுக்கு சாப் கிரீனில் அலிசரின். இந்த இருட்டு கரையோரத்தில் மட்டும், கடைசி அரைமணியில், முழுக்கக் காய்ந்த தாளில்.

7. ஒப்படைப்பு

நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். அன்றே கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னால் மறுபடி புறங்கைச் சோதனை செய்யுங்கள். ஈரத்தோடு அடைத்த தாளில் பூஞ்சை பிடிக்கும்.