தும்புத்தடியை எடுக்க முன்: அரணை விடயத்தில் நாம் விடும் பிழைகள்

"அரணை கடித்தால் மரணம்" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வளவில் பூச்சாடிக்குப் பின்னால் ஏதாவது பளபளத்து ஓடினால் போதும், அம்மம்மா தும்புத்தடி கேட்பார். ஆனால் இலங்கையில் எந்த அரணைக்கும் விஷம் கிடையாது. கையில் பிடித்தால் கடிக்கும்தான். ஒரு கிள்ளு அளவு. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. அரணை, மரணம் என்று எதுகை அழகாக விழுந்துவிட்டது, பாவம் அதன் தலைவிதி.

பாம்புக்குட்டி என்று நினைத்து அடிப்பது அடுத்த பிழை. வழுவழுப்பான செதிலும் நெளிந்து ஓடும் ஓட்டமும் ஏமாற்றும். கால்கள் தெரியாவிட்டால் கண்ணைப் பாருங்கள். அரணை இமையை மூடித் திறக்கும். பாம்புக்கு இமையே இல்லை. ஆனால் நெஸ்ஸியா என்றொரு அரணைக் கூட்டம் இருக்கிறது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, சிலவற்றுக்குக் கால்கள் குச்சி போலச் சுருங்கிவிட்டன. சிலவற்றுக்கு அதுவும் இல்லை. மண் கொத்தும்போது மண்புழுவைவிடத் தடிப்பாக ஒன்று நெளிந்தால் மண்வெட்டியை ஓங்காதீர்கள். சந்தேகமென்றால் கையும் வைக்க வேண்டாம். தள்ளி நின்றால் அதுவே மண்ணுக்குள் போய்விடும்.

என் கணக்கில் பெரிய பிழை அடிப்பதல்ல, கூட்டுவது. யாழ்ப்பாணத்து மணல் முற்றத்தை விடியற்காலையில் கூட்டி வைப்பதில் அர்த்தம் இருந்தது. பூச்சி பாம்பு வந்துபோன தடம் தெரியும். அந்தப் பழக்கத்தைக் கொழும்பின் ஈர மண்ணுக்கும் கொண்டுவந்துவிட்டோம். சருகை ஒன்றுவிடாமல் கூட்டி, மூலையில் குவித்துக் கொளுத்துகிறோம். அந்தச் சருகுதான் சின்ன அரணைகளின் வீடு, சாப்பாட்டு அறை, பிள்ளைப்பேற்று வார்டு எல்லாம். லங்காஸ்கிங்கஸ் என்ற பேரினமும் இலங்கைக்கே உரியது. 1991 இல்தான் தனிப் பேரினமாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். அதில் நம் வளவுகளில் சாதாரணமாகக் காணக்கூடியது ஃபாலக்ஸ் என்ற இனம். வாலை விட்டுப் பார்த்தால் சுமார் 4 செ.மீ. தான். இனப்பெருக்க காலத்தில் ஆணின் தொண்டை சிவக்கும். வெறும் மண்ணில் வெயில் பட்டால் அதற்கு ஒதுங்க இடமில்லை. வாழை அடியிலோ மதில் ஓரத்திலோ ஒரு சாண் உயரத்துக்குச் சருகை விட்டுவையுங்கள். டெங்கு பரிசோதனைக்கு வருபவர்கள் ஏசுவார்களே என்று கேட்பீர்கள். நுளம்பு முட்டையிடுவது தேங்கிய நீரில். சிரட்டை, யோகட் கோப்பை, பொலித்தீன் ஆகியவற்றைப் பொறுக்கிவிட்டால் போதும்.

அப்புறம் எலிப்பசை அட்டை. போன வருடம் குசினி வாசலில் வைத்த அட்டையில் எலி விழவில்லை. ஒரு பெரிய அரணை ஒட்டிக் கிடந்தது. அவசரப்பட்டு இழுத்தேன், வால் கையோடு வந்துவிட்டது. அந்த வால் சும்மா வால் அல்ல, கொழுப்பைச் சேமித்து வைக்கும் இடம். திரும்ப வளரும், ஆனால் எலும்புக்குப் பதிலாக உள்ளே குருத்தெலும்புதான் இருக்கும். இழுக்கவே கூடாது. தேங்காய் எண்ணெயை உடம்புக்கும் பசைக்கும் இடையில் சொட்டுச் சொட்டாக விட்டு, விரலால் மெல்ல நெகிழ்த்த வேண்டும். கொஞ்ச நேரம் பிடிக்கும். பிறகு மிச்ச எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் விடுங்கள். நான் இப்போது பசைக்குப் பதில் எலிக்கூடுதான் வைக்கிறேன்.

பூச்சாடியை நகர்த்தும்போது வெள்ளையாகச் சின்ன முட்டைகள் கண்டால் எடுத்து உருட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே கரு ஒரு பக்கமாக ஒட்டி வளர்கிறது; தலைகீழாகப் புரட்டினால் செத்துப்போகலாம். கிடந்தபடியே மண்ணால் மூடுங்கள்.

மறதிக்காரனை "அரணை புத்தி" என்பார்கள். கடிக்க வந்த அரணை பாதி வழியில் ஏன் வந்தோம் என்று மறந்து நின்றுவிடுமாம். அது நிற்பது உண்மைதான். நின்று நாக்கை நீட்டி மணம் பிடிக்கிறது. நாக்கில் ஒட்டும் துகள்களை அண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பு பிரித்தறியும். அடுத்த முறை நடுவில் நின்றால் நீங்களும் அசையாமல் நின்று பாருங்கள், நாக்கு தெரியும்.