பயந்த ராஜபாளையம் நாயை வீட்டுக்கு அழைத்து வருகிறவர்களுக்கு

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவள். 2005-இல் நம் நாட்டு நாய் இனங்களுக்கு வெளியான நான்கு தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. கவுண்டரில் நானே விற்றிருக்கிறேன். அந்தப் படத்து அழகை நம்பிக் காப்பகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம் இது. தோளுயரமே இரண்டடிக்கு மேல். ஒருவரிடம் ஒட்டினால் அவரைவிட்டு நகராது. அந்த ஒருவர் கைவிட்டால் ஒடுங்கிப்போகும். நானும் அக்காவும் மட்டுமே இருக்கிற சத்தமில்லாத வீடு என்பதால்தான், காப்பகத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தும்பை என்ற நாயைத் துணிந்து கேட்டோம்.

முதலில் காதைச் சோதியுங்கள். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத வெள்ளை நாய்கள் உண்டு. நாய் வேறு பக்கம் பார்க்கும்போது, சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக் கூடாது. அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். கேட்காத நாயையும் தாராளமாக வளர்க்கலாம். கையசைவில் பழக்க வேண்டும், பின்னாலிருந்து தொடக் கூடாது, அவ்வளவுதான். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கழுத்துப் பட்டையில் கஞ்சத்தனம் வேண்டாம். இவற்றுக்குத் தலை குறுகல், கழுத்து தடிமன். மிரண்டு பின்வாங்கினால் சாதாரணப் பட்டை அப்படியே கழன்று வந்துவிடும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையும், மார்புப் பட்டையும் சேர்த்துப் போட்டு, இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். காரிலிருந்து இறக்கும் முன் வாசல் கேட்டைச் சாத்திவிட வேண்டும்.

வழுவழுப்பான டைல்ஸ் தரையில் பெரிய நாய் கால் சறுக்கி மிரளும். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும் தேங்காய்நார் மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள். குக்கர் விசில் எட்டாத மூலையாகப் பார்த்துப் படுக்கை போடுங்கள்.

அதன் பிறகு செய்ய வேண்டியது, எதுவும் செய்யாமல் இருப்பது. பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், தலையைத் தடவாதீர்கள், எதிரே உட்கார்ந்து முறைக்காதீர்கள். பக்கவாட்டில் தரையில் அமர்ந்து செய்தித்தாள் படியுங்கள். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் 'தள்ளிப் போ' என்பதற்கான அடையாளங்கள். உறுமினால் அதட்டக் கூடாது. எச்சரிக்கையை அடக்கிவிட்டால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

தும்பைக்கு அவித்த முட்டையைத் துண்டாக்கி என் முழங்கால் பக்கத்தில் வைப்பேன். கழுத்தை நீட்டும், முன்னங்கால்களை நீட்டும். பின்னங்கால்கள் மட்டும் படுக்கையில் ஊன்றியே இருக்கும், எந்த நொடியும் பின்னால் பாய வசதியாக. வாலைப் பார்க்காதீர்கள், பின்னங்கால்களைப் பாருங்கள். அவை உடம்போடு சேர்ந்து முன்னால் வருகிற நாளில்தான் கையை நீட்டலாம், அதுவும் மோவாய்க்குக் கீழே. அதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். "இதென்ன நாய், குரைக்கக்கூட மாட்டேன் என்கிறது" என்று கேட்கும் உறவினர்களுக்குக் காப்பி கொடுத்து, திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

மார்பு ஆழமான நாய் இது. சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிர் போய்விடும். வெங்காயம், திராட்சை, வேகவைத்த எலும்பு கூடவே கூடாது.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் பதற்றத்துக்கு மாத்திரை தேவையா என்று கேளுங்கள். வெடிச்சத்தம் தொடங்குவதற்குள் வெளியே அழைத்துச் சென்று வந்துவிட வேண்டும். பிறகு ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, வானொலியைச் சத்தமாகப் போடுங்கள். குளியலறையில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள். பட்டையில் உங்கள் தொலைபேசி எண் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது இப்படிப்பட்ட நாயைப் புது இடத்தில் விடுவதை நான் ஏற்க மாட்டேன். கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் எங்களில் ஒருத்தியாவது வீட்டில் இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் அக்காதான், மண்டபச் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லையாம்.