மலைக் கிராமத்துக்குத் தண்ணீரும் படிப்பும்: ஒரு சபை எங்கிருந்து தொடங்கலாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, நடுவே ஒரே ஒரு பொதுக் குழாய், காலையில் கொஞ்ச நேரமும் சாயங்காலம் கொஞ்ச நேரமும்தான் தண்ணீர், அதற்கு முன்பே வாளிகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் பக்கத்திலுள்ள லாசா என்ற ஊரைத் தாண்டி மலைக்குள் இருக்கும், தெமியார் என்ற பூர்வகுடி மக்களின் ஒரு கிராமத்தில் பிள்ளைகள் மழைக்குப் பிறகு தேத்தண்ணீர் நிறத்தில் ஓடும் ஆற்று நீரை மொண்டு போவதைப் பார்த்தபோது எங்களை யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஞாயிறே காணிக்கை சேர்ந்துவிட்டது. தவறும் அங்கேதான் தொடங்கியது, விஷயம் புரிவதற்கு முன்பே பணம் கையில் இருந்தது.

புதுத் தொட்டி வாங்கினோம், லோரியில் ஏற்றினோம், ஒரு சனிக்கிழமை முழுக்க எல்லோரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் (கூட்டு உழைப்பு) செய்து குழாய் இழுத்தோம், ஜெபம் பண்ணித் திறந்துவைத்தோம். சில மாதத்தில் மேலே தண்ணீர் பிடிக்கும் இடம் மணல் அடைத்துக் குழாய் வறண்டுவிட்டது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஊரில் ஒருவரிடமும் ஸ்பேனர் இல்லை, எப்படிக் கழற்றுவது என்று நாங்கள் காட்டிக்கொடுக்கவும் இல்லை. கீழே நான் எழுதுவது எல்லாம் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது. தாப்பா, கூலிம் பக்கமிருந்து சில சபைகள் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் பயணத்தில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள்

மெகி மீ பெட்டி, பழைய துணி மூட்டை எதுவும் வேண்டாம். சாமான் கொண்டுபோனால் பேச்சு முழுக்க சாமானைப் பற்றியே போய்விடும். போவதற்கு முன் ஜக்கோவா, அதாவது பூர்வகுடி மேம்பாட்டுத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள், யார் வருகிறோம், எதற்கு வருகிறோம், எத்தனை பேர் என்று தெளிவாக எழுதி. பூர்வகுடிகளுக்கென்று 1954-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, அவர்கள் ஊருக்குள் நினைத்தபோது வண்டியை விட்டுக்கொண்டு போவது முறையில்லை. பிறகு ஊர்த் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்து உட்கார்ந்து பேசுங்கள். அவரோடு மட்டும் முடித்துக்கொள்ளாமல், தண்ணீர் தூக்குகிற பெண்களிடமும் கேளுங்கள். எந்த ஊற்று பிப்ரவரியில் வற்றும், எது வற்றாது, எந்த ஓடைக்கு மேலே மரம் வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கிராமத்தில் ஒரு பாட்டி காட்டிய ஊற்றிலிருந்துதான் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது. முதல் தடவை நாங்கள் பிடித்த ஓடையை அவர் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், நாங்கள்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மலையிலிருந்து தானாக இறங்கி வரும் குழாய்த் தண்ணீர் பல கிராமங்களுக்குப் புதிதல்ல. சுகாதார அமைச்சு கிராமப்புறங்களில் இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. புதருக்குள் பழைய சிமெண்டுத் தடுப்பு, உடைந்த பாலிபைப் (கறுப்பு பிளாஸ்டிக் குழாய்), காலித் தொட்டி என்று ஏதாவது கிடக்கும். வேதத்தில் ஈசாக்கு செய்த வேலை என்ன? அப்பா காலத்தில் வெட்டி, பிறகு மண் போட்டுத் தூர்த்துவிட்ட கிணறுகளைத் திரும்பத் தோண்டியதுதானே. பழையதைச் சரிசெய்ய முடிந்தால் அதுதான் முதல் வேலை. பேனர் கட்டித் திறப்பு விழா வைக்க முடியாது, ஆனால் பாதிச் செலவில் தண்ணீர் வந்துவிடும், பழுதுபார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரும் ஊரிலேயே கிடைப்பார்.

தண்ணீர்க் கணக்கு

இதைப் பொறியாளர்தான் செய்ய வேண்டும் என்று பயப்படாதீர்கள். ஆனால் கணக்கு போடாமல் ஒரு அடி குழாய்கூட வாங்காதீர்கள்.

வெயில் காலத்தில் போங்கள். எங்கள் பக்கம் பிப்ரவரி, இல்லாவிட்டால் ஜூன், ஜூலை. ஓடைத் தண்ணீர் முழுவதும் ஒரே இடத்தில் விழுகிற மாதிரி மண்ணும் வாழைமட்டையும் வைத்துத் தடுத்து, 20 லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு அரை லிட்டர், ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். ஒருவருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. ஊரில் 150 பேர் இருந்தால், நூறு நூறு லிட்டர் என்று வைத்தாலும் 15,000 லிட்டர்தான். ஓடையை முழுதாக உறிஞ்ச வேண்டியதில்லை, மீனுக்கும் கீழே இருக்கிற ஊருக்கும் மிச்சம் விடலாம். தண்ணீர் இரவெல்லாம் வந்துகொண்டே இருக்கும், மக்கள் காலையிலும் மாலையிலும்தான் திறப்பார்கள், அந்த இடைவெளிக்குத்தான் தொட்டி. 400 கேலன் தொட்டி ஒன்றில் ஏறக்குறைய 1,800 லிட்டர் பிடிக்கும் என்று வைத்து எத்தனை வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு பார் அழுத்தம். பாலிபைப்பின் மேலேயே பி.என். 10 அல்லது வேறு எண் அச்சிட்டிருக்கும், பி.என். 10 என்றால் பத்து பார் வரை, அதாவது நூறு மீட்டர் இறக்கம் வரை தாங்கும். அதற்கு மேல் இறக்கம் இருந்தால் நடுவில் திறந்த தொட்டி ஒன்று வைத்து அழுத்தத்தை உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாக் குழாயையும் மூடுகிற இரவு நேரத்தில் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். குழாய் மேடேறி இறங்குகிற இடங்களில் மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும், பள்ளத்தில் மணல் தங்கும். மேட்டில் காற்று வால்வு, பள்ளத்தில் மணலைத் திறந்துவிட ஒரு வால்வு. இரண்டும் சில்லறைச் செலவுதான், அதையும் மிச்சம் பிடித்தது எங்கள் முதல் குழாய் அவ்வளவு சீக்கிரம் அடைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சல்லடை போட்ட குழாய், அதற்குக் கொஞ்சம் கீழே மணல் படிகிற ஒரு சிறு தொட்டி, இது இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். யானை நடமாட்டம் உள்ள இடம் என்றால் குழாயை மண்ணுக்குள் புதையுங்கள்.

ஹார்ட்வேர் கடையில் வாங்கும்போது சுங்கை சிப்புட்டிலேயே எப்போதும் கிடைக்கிற அளவில் வாங்குங்கள். ஈப்போவில் மலிவாகக் கிடைத்தது என்று விசேஷ இணைப்பு வாங்கினால் அது உடைகிற அன்று ஊர்க்காரர் எங்கே போய்த் தேடுவார்?

தெளிவாக இருந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை

மலை ஊற்று கண்ணாடி மாதிரி இருக்கும். எலி மூத்திரமும் காட்டு விலங்கின் சாணமும் அதில் கண்ணுக்குத் தெரியாது. எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் இப்படித்தான் வருகிறது. மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க மலிவான பாட்டில் சோதனை ஒன்று இருக்கிறது. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், கறுப்பாக மாறினால் கலப்பு இருக்கிறது என்று பொருள். அந்தக் கறுத்த பாட்டிலை ஊர்க்கூட்டத்தில் நடுவில் வைத்துப் பாருங்கள், எங்கள் ஒரு மணி நேரப் பேச்சைவிட அது அதிகமாகப் பேசியது.

குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் போதும். கொதிக்கவைத்த தண்ணீரைத் திறந்த பானையில் வைத்துக் கோப்பையை முக்கி எடுத்தால் கையழுக்கு திரும்பவும் போய்விடும், அதனால் மூடியும் குழாயும் உள்ள பாத்திரம் கொடுங்கள். குளோரின் போட நினைப்பவர்களுக்கு ஒன்று: கலங்கிய தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது, முதலில் தெளியவைக்க வேண்டும். சுகாதாரக் கிளினிக் ஆட்களைக் கேட்காமல் நீங்களாக அளவு போடாதீர்கள்.

குழாய் யாருடையது?

ஊருடையது. சபையின் பெயரைத் தொட்டியில் எழுதாதீர்கள், எழுதினால் பழுதானதும் "உங்கள் தொட்டி உடைந்துவிட்டது" என்றுதான் போன் வரும். இரண்டு இளைஞர்களும் இரண்டு பெண்களும் சேர்ந்த சிறு குழு, அவர்கள் கையில் ஸ்பேனர், வாள், மாற்று இணைப்புகள். வீட்டுக்கு மாதம் இரண்டோ மூன்றோ வெள்ளி (ரிங்கிட்), கையில் காசில்லாத மாதம் ஒரு நாள் உழைப்பு. ஏழைகளிடம் காசு கேட்பதா என்று எங்கள் சபையிலேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. 1960-ல் மலாயா இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது ரப்பர் மரத்தில் பால் எடுத்த நம் ஆட்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் சேர்த்தார். அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியதை எங்கள் தாத்தா சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தெமியார் மக்களுக்கும் அந்தப் பெருமை வேண்டும்.

விசுவாசத்தையும் குழாயையும் ஒன்றோடொன்று கட்டாதீர்கள். அந்த ஊரில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள், தங்கள் முன்னோர் வழியிலேயே இருப்பவர்களும் இருக்கிறார்கள். கடைசி வீடு வரை ஒரே அளவு குழாய், ஒரே அழுத்தம். முஸ்லிம்களிடம் வேறு மதத்தைப் பரப்புவதை மாநிலச் சட்டங்கள் தடைசெய்ய அரசியலமைப்பின் 11-வது பிரிவு இடம் கொடுக்கிறது, அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தாகமாக இருக்கிறவனிடம் எதையும் எதிர்பார்த்துத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி இயேசு நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஏன் வருகிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

படிப்பு

தண்ணீரைவிட இது மெதுவாக நடக்கும். பிரிட்டிஷ் காலத்து 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினான்கு வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. ஆயாக்கொட்டகை (தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை) மாதிரி இருந்தாலும் நம் தமிழ்ப் பள்ளி லயத்துக்குப் பக்கத்திலேயே, நம் மொழியிலேயே இருந்தது. தெமியார் பிள்ளைக்கு அந்த இரண்டும் பல நேரம் கிடையாது. வீட்டில் தெமியார், பள்ளியில் மலாய், அதுவும் தூரமாக இருந்தால் ஏழு வயதிலேயே விடுதி. 2015-ல் கிளந்தான் மாநிலத்தில் குவா மூசாங் பக்கம் விடுதியில் இருந்த ஏழு பூர்வகுடிப் பிள்ளைகள் தண்டனைக்குப் பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டார்கள், ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து இரண்டு பேர் மட்டும்தான் உயிரோடு கிடைத்தார்கள். அதை நினைக்காமல் நான் ஒருபோதும் அந்த ஊருக்குள் போவதில்லை. "இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள்.

அதனால் பள்ளிக்கு முந்திய வயதில் தொடங்குங்கள். ஊர்ப் பெண் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துப் பாலர் வகுப்பு, பாதி தெமியார், பாதி மலாய். அந்தச் சம்பளம்தான் எங்கள் சபையின் மிகப் பெரிய மாதச் செலவு, அதைக் குறைக்கவே மாட்டோம். வாரம் ஒரு முறை நாங்கள் போய் நடத்திய டியூஷனைவிட அவர் தினமும் செய்வதுதான் பலன் தந்தது. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிற வருடம்தான் பிள்ளைகள் அதிகமாக நின்றுவிடுகிறார்கள். அந்த வருடம் டவுனில் ஒரு வீட்டில் சாப்பாடும் பேச்சுத்துணையும் கிடைக்குமா என்று பாருங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள், தோட்டத்தில் பத்திரமில்லாமல் வளர்ந்து எத்தனை பேர் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்தே இருங்கள், அவர்கள் முகத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஊரிலேயே வையுங்கள். எத்தனை விநாடியில் வாளி நிரம்பியது, எந்த வால்வு மாற்றினார்கள், எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, எல்லாம் அதில். ஒவ்வொரு பிப்ரவரியும் அதே வாளியோடு அதே இடத்துக்குப் போய் அளந்து, அந்தப் பாட்டி கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாது என்றால் பேத்தி எழுதுவாள்.